வேன் நாள்

கத்தரியில் கட்டைவிரல் போகவேண்டிய வளையத்தில் ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டு, அந்த ஆரஞ்சு டீ-ஷர்ட் பெண் மாஸ்டரின் தலையில் கை வைத்தாள்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

நாற்பத்தொரு வருஷம் சலூன் வைத்திருந்தவர். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து அனுப்பிய தலைகளைக் கூட்டினால் ஒரு சின்ன நாடே தேறும். இப்போது இந்த முதியோர் இல்லத்து வராந்தாவில், நேற்று வீடியோ பார்த்து முடிவெட்டக் கற்றுக்கொண்ட ஒருத்தியிடம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

தலையெழுத்து என்று விட்டுவிடலாம். ஆனால் அதையும் சேர்த்து வெட்டிவிடுவாள் போலிருந்தது.

இன்றைக்கு உலகம் முழுக்கக் கொடை நாள். வாங்கிக் குவிக்க வருஷத்தில் எத்தனையோ நாள் இருக்கிறதே, கொடுப்பதற்கு ஒரு நாள் வேண்டாமா என்று எங்கேயோ யாரோ நாலு பேர் யோசித்ததில் ஆரம்பித்ததாம். இல்லத்தில் அப்படித்தான் பேச்சு.

மாஸ்டர் இங்கே வந்து சேர்ந்த வருஷம் ஒரே ஒரு அம்மா வந்தார். பழம் உரித்துக் கொடுத்தார். அப்புறம் என்ன பேசுவதென்று தெரியாமல், பக்கத்துக் கட்டில்காரரின் கால் நகத்தை வெட்டிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் ஆறு பேர். அதற்கடுத்து ஒரு வேன். ஆறாவது வருஷமான இப்போது நாலு வேன், ஒரு பேனர், தலைக்கு மேலே ரீங்காரம் போட்டுப் படம் பிடிக்கும் ஒரு ட்ரோன்.

இல்லத்துக்காரர்கள் வைத்த பெயர், வேன் நாள்.

வேன் பெருகிய வேகத்தில் வேலை பெருகவில்லை. இருபத்தெட்டு கிழங்களுக்கு எத்தனை தடவைதான் நகம் வெட்டுவது? வார்டன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு மாசத்துக்கு முன்பிருந்தே தோட்டத்தில் களை பிடுங்கக் கூடாது. ஜன்னல் துடைக்கக் கூடாது. யாரும் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது.

கொடுக்க வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா?

முடி விஷயத்தில் இந்த வருஷம் ரொம்பவே கறார். காதோரம் லேசாக ஒதுக்கிக்கொண்டவரைக்கூட நிற்கவைத்துத் திட்டினார்.

மாஸ்டருக்கு இந்த நாளிடம் ஒரே ஒரு ஆசைதான். ஒரு தலை வேண்டும்.

யாருடையதாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு தலை. கத்தி, கத்தரி எல்லாம் இங்கே அலமாரியில் பூட்டு. ஆறு வருஷமாகக் கை சும்மா இருக்கிறது. தூக்கத்தில்கூட இரண்டு விரலும் வெட்டிக்கொண்டே இருப்பதாகப் பக்கத்துக் கட்டில்காரர் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வெட்டி முடித்து, மூன்று கோணத்தில் படமும் எடுத்துக்கொண்ட பெண்ணிடம் கேட்டே விட்டார்.

"நீ உக்காரும்மா. உன் முடி பின்னாடி கோணலா இருக்கு, ரெண்டே நிமிஷத்துல சரி பண்ணி விடறேன்."

"ஐயோ, இன்னிக்கு நாங்கதான் அங்கிள் குடுக்கணும். நீங்க வாங்கிக்கிட்டா மட்டும் போதும்."

நல்ல பெண். அதுதான் கொடுமை. போகும்போது அவர் தோளில் கிடந்த முடியை ஊதிவிட்டுப் போனாள்.

காலையிலிருந்து அவர் வாங்கியது இரண்டு போர்வை, ஒரு பாட்டு, எண்ணிக்கையில்லாத கைகுலுக்கல். வெறுமனே வாங்கிக்கொண்டிருந்தே ஒரு மனுஷன் இவ்வளவு களைத்துப்போக முடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

நாலு மணிக்கு வேன்கள் கிளம்பின. வராந்தா முழுக்க வெள்ளை முடி. நாற்காலியில் அந்தப் பெண் மறந்துவிட்டுப் போன கத்தரி. மாஸ்டர் அதை எடுத்துக்கொண்டார்.

வார்டன் அம்மா கையை நீட்டிக்கொண்டே வந்தார். நாலு வேனுக்கும் சிரித்து முடித்த முகம், பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தது.

மாஸ்டர் கத்தரியைக் கொடுக்கவில்லை.

"எல்லாரும் குடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. எனக்கும் ஒரு தலை குடுங்க. அப்புறம் பூட்டி வச்சுக்குங்க."

வார்டன் அம்மா கத்தரியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். திட்டத்தான் போகிறார் என்று மாஸ்டர் நினைத்தார்.

வார்டன் அம்மா போய் வராந்தாக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கொண்டையைப் பிரிப்பதற்காகக் கையைத் தூக்கினார்.

கொண்டை பிரியவில்லை. முன்நெற்றி முடியோடு முழுசாகக் கழன்று கையோடு வந்தது. அடியில் ஒரு முடிகூட இல்லாத மொட்டைத் தலை.

நாற்பத்தொரு வருஷ அனுபவம். தினமும் எதிரே பார்த்த தலை. விக் என்று இதுவரை மாஸ்டருக்குத் தெரியவில்லை.

அதை மடியில் வைத்துப் பிடித்திருந்த புறங்கையில், மருந்து ஏற்றிய இடங்கள் நீலமாகக் கன்றியிருந்தன. எத்தனை மாசமாகவோ. யாருக்கும் சொல்லவில்லை.

மாஸ்டர் ஒன்றும் விசாரிக்கவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்த தலையிடம் கேட்க அவர் தொழிலில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு.

"எவ்வளவு எடுக்கணும்மா?"

"நுனி மட்டும் மாஸ்டர்," என்றார் வார்டன் அம்மா. "ரொம்பக் கஷ்டப்பட்டு வளர்த்தது."

மாஸ்டர் துண்டை உதறிக் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். இரண்டு விரலால் தலையை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தார். காதோரத்தில், தோலில் படாத தூரத்தில், கத்தரி பேச ஆரம்பித்தது.

அவசரப்படவில்லை. ஒரு முழுத் தலைக்கு ஆகும் இருபத்தைந்து நிமிஷத்தையும் எடுத்துக்கொண்டார்.