நின்றுபோன பச்சைக் கோடு

மாலை கோடிங் வகுப்பின் திரையில் பயிற்சியை முடிக்க முடிக்க அவரவர் பெயருக்கு எதிரே பச்சைக் கோடு நீளும். மூன்று வாரம் நகராத கோட்டைப் பெயரோடு நீக்கிவிடுவார்கள். யூஜின் ஒருநாள் சொல்லாமல் வகுப்பை விட்டுப் போனான், கைப்பேசியில் அழைத்தாலும் எடுக்கவில்லை. அந்தப் பெயராவது இருக்கட்டும் என்று நினைத்தாள் பக்கத்து இருக்கை மங்களேஸ்வரி. ஜோடியாகப் பயிற்சி செய்த நாட்களில் இருவரும் கடவுச்சொற்களைப் பகிர்ந்திருந்தார்கள். அவன் கணக்கில் நுழைந்து, அவனைப் போலவே, நிரலில் நாமே பெயர் வைக்கும் வேரியபிள்களுக்கு அவன் போய்வந்ததாகச் சொன்ன ஊர்களின் பெயரை வைத்து, அவன் பயிற்சிகளை எழுதினாள். தன்னுடையதற்கு நேரம் மிஞ்சவில்லை. ‘இன்று யூஜின் முடித்தான். எனக்குப் புரிந்ததா?’ என்று தேதியிட்டு நாட்குறிப்பில் எழுதுவாள். அவளுடைய எல்லா வரிகளும் கேள்விக்குறியில்தான் முடியும்.

“வராத யூஜினே உன்னத் தாண்டிப் போயிட்டான், மங்களம். நாளையோட உன் பேரு போயிரும், தெரியும்ல?” என்றார் பயிற்றுநர்.

“வராம இருந்தாத்தான் சார் படிப்பு ஏறும்போல” என்றான் பின்வரிசையில் ஒருவன்.

எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். மறுநாள் வகுப்புக்கு வந்தபோது திரையில் அவள் கோடு நீண்டிருந்தது. தன் கணக்கைத் திறந்தாள். அவள் தொடாத பயிற்சி முடிந்திருந்தது. வேரியபிள்கள் கயத்தாறு, கடம்பூர், சாத்தூர். கடைசியாக, அவன் ஒருபோதும் சொல்லாத ஓர் ஊர்: ராய்ச்சூர்.

நாட்குறிப்பில் ‘ராய்ச்சூர்’ என்று எழுதினாள். கேள்விக்குறி போடப் போன பேனா அப்படியே நின்றது.