ஞாயிற்றுக்கிழமைக் கவுன்

“போதை ஏதாவது எடுத்துக்கிட்டியா?” போன மாதம், நிறைமாதக் கர்ப்பிணியாய், பழைய நைட்டியில் மூச்சிரைக்க வந்த ரெனிதாவிடம் இந்த ஆஸ்பத்திரியில் ஒருவர் அப்படித்தான் கேட்டார். அதனால் இன்று அவள் அம்மா வெர்னெல், சர்ச்சுக்குப் போடும் நீலக் கவுனையும் முத்துத் தோட்டையும் மகளுக்கு மாட்டிவிட்டு, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறாள். பிள்ளை பெற்று ஒன்பது நாள். வெள்ளை விளக்கின் இரைச்சலுக்குக் கீழே ரெனிதா முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருக்கிறாள். “குரலை உசத்தாதடி. கறுப்புப் பொம்பள உசத்துனா சண்டைக்காரின்னு எழுதிப்புடுவாங்க,” என்று வெர்னெல் முணுமுணுக்கிறாள். நர்ஸ் சிரிக்கிறாள். “கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணுமில்ல, தூக்கம் பத்தல.” “படுத்தா மூச்சு முட்டுதுங்க. நெஞ்சு மேல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு,” என்று ரெனிதா மெல்லச் சொல்கிறாள். நர்ஸின் பேனா நகரவில்லை. வெர்னெல் குனிந்து மகளின் வார்ச்செருப்பைக் கழற்றுகிறாள். வார் அழுத்திய இடம் பள்ளமாகவே நிற்கிறது. சுற்றிலும் பாதம் பொங்கிய மாவைப் போல் உப்பிப் பளபளக்கிறது. நர்ஸின் சிரிப்பு நிற்கிறது. இரத்த அழுத்தப் பட்டையை எடுத்து ரெனிதாவின் கையில் சுற்றுகிறாள். மிஷின் உறுமி, நூற்றுத் தொண்ணூற்றாறில் அடங்குகிறது. “எவ்வளவுங்க?” என்கிறாள் வெர்னெல். நர்ஸ் எண்ணைப் பார்க்கிறாள், காலைப் பார்க்கிறாள், டாக்டரைக் கூப்பிட்டபடி வெளியே ஓடுகிறாள்.