அக்கரைப் படையெடுப்பு தந்த அரிய பாடம்

ஒரு குளத்துத் தவளைகளுக்கு அக்கரையைப் பிடித்தே தீரவேண்டும் என்று வெறி வந்தது. அங்கே ஈசல் அதிகம். காவலுக்கு நிற்கும் கொக்குகளும் அதிகம். தாக்குதல் பரம ரகசியம் என்று உத்தரவு போட்டார் தேரைத் தளபதி.

"அப்போ கிளம்பும்போது யாரும் கத்த வேண்டாம்யா, கொக்குக்குக் கேட்டுரும்" என்றான் வரியன். அவன் தம்பி பச்சையனும் தலையாட்டினான்.

"கூடிக் கத்தாமல் இந்தக் குளத்தில் எந்தக் காரியம் தொடங்கியிருக்கிறது?" என்று சீறினார் தளபதி.

நூறு தவளைகளும் அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டு, பரம ரகசியமாக நீந்திப் போயின. கரையில் கொக்குகள் வரிசையாக நின்று வரவேற்றன.

ஏழு பேர் திரும்பினார்கள். பச்சையன் ஒரு பின்னங்காலை விட்டுவிட்டு வந்தான். வரியன் வரவேயில்லை.

தளபதி தாமரை இலையைவிட்டு நகரவில்லை. அதனால் அவருடைய சிந்தனை தெளிவாக இருந்தது. "இது தோல்வி அல்ல. அரிய பாடம் ஒன்று கற்றிருக்கிறோம். கிளம்பும் முன் கத்தக் கூடாது!"

"எங்கண்ணன் முன்னாடியே இதைத்தானேய்யா சொன்னான்?" என்றான் பச்சையன்.

"சொன்னான். ஆதாரம் காட்டினானா? இன்றைக்கு அல்லவா காட்டியிருக்கிறான், மாவீரன்!" தளபதி இலைமேல் எழுந்து நின்றார். "வாருங்கள், அவனுக்காக எல்லோரும் சேர்ந்து உரக்கக் கத்துவோம்."

கத்தினார்கள். பச்சையன் மட்டும் வாயைத் திறக்காமல் அக்கரையைப் பார்த்தான். கொக்குகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கி, இந்தப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தன.