கை தொடும் இடம்

“குமிழ்ல மட்டும் கை வைக்காதீங்க!”

அப்பா போட்ட சத்தத்தில் மெக்கானிக் ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டார்.

“சார், உள்ள பர்னர், டியூப் எல்லாமே புதுசு போட்டாச்சு. இந்தக் குமிழ் நாலும் கறுத்துப் போய்க் கிடக்கு. மாத்தினா அடுப்பே பளிச்சுனு ஆயிடும்.”

“பளிச்சுனு ஆக வேண்டாம். இருந்த மாதிரியே இருக்கணும்.”

பக்கத்தில் நின்ற மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்கென்று ஆசை ஆசையாக அவள் வாங்கி அனுப்பிய கண்ணாடி அடுப்பு, விரலால் லேசாகத் தொட்டாலே சூடாகிற அடுப்பு. அதைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிய மகானுபாவர் இவர்.

“ஏம்ப்பா, அம்மா ஆயுசு முழுக்க இந்த ஓட்டை அடுப்போடயே மல்லுக்கட்டணுமா?”

“உள்ளே எதை வேணும்னாலும் மாத்து. கை தொடற இடத்தை மாத்தாதே.”

மென்பொருள் வடிவமைப்பில் அப்பா பேர் வாங்கியதே அந்த ஒரு வரியால்தான். அதை வைத்துத்தான் பேராசிரியர் ஆனார், தேசம் தேசமாகப் போய்ப் பேசினார், புத்தகங்கள் எழுதினார். ஓய்வு பெற்ற பிறகும் இன்னொன்று எழுதிக்கொண்டிருக்கிறார். மகளே அந்த வரியை உருப்போட்டுத்தான் பாஸானாள்.

“அது ப்ரோகிராமுக்குப்பா. அடுப்புக்கு இல்ல.”

“ரெண்டையும் மனுஷங்கதானே தொடறாங்க?”

“விடுடி. உங்கப்பாகிட்ட வாய் கொடுத்து மீண்டவங்க யாரு?” என்று அம்மா சிரித்தாள்.

மெக்கானிக்கை வழியனுப்ப அப்பா வாசலுக்குப் போனார். மகள் மேடையைத் துடைத்து, லைட்டரை எடுத்து அடுப்புக்கு இடப்பக்கம் வைத்தாள்.

அம்மா அவள் காதருகே வந்தாள்.

“நல்லவேளை, அந்த மனுஷன் பிடிவாதம் பிடிச்சார். உன் கண்ணாடி அடுப்பு இங்கயே இருந்திருந்தா என் குட்டு உடைஞ்சிருக்கும்.”

“என்ன குட்டு?”

“கண்ணு மங்கிட்டே வருதுடி. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லேன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த அடுப்புன்னா தடவியே சமாளிச்சுடுவேன்.”

மகள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“அப்பாவுக்குத் தெரியாதா?”

“மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா பேனாவை மூடி வெச்சுட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்துடுவார். அந்தப் புத்தகம் முடியட்டும்.”

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அம்மா சட்டென்று திரும்பி, டீக்குப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். அவளுடைய வலது கை மேடையில் லைட்டரைத் தேடியது.

“போறப்பகூட அந்த ஆள் தலையில அடிச்சுக்கிட்டேதான் போறார்,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த அப்பா, இடப்பக்கம் இருந்த லைட்டரை ஓசைப்படாமல் எடுத்து, அம்மாவின் விரலில் படும்படி வைத்துவிட்டு, தன் மேஜைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார்.