ஆமை அனுப்பிய அழைப்பு

இதை நண்பன் சொன்னான்; அவனும் கேட்டதுதான். காட்டில் புற்று, கூடு, குளம் எங்கும் பணியாளர் நிர்வாகம் பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை. இந்த முறையும் வராவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிடுவார்களே என்று புதுத் தலைவி ஆமைக்குக் கவலை. தனக்குத் தெரிந்த ஒரே பாணியில் காகத்திடம் சொல்லியனுப்பியது: "நாளை காலை ஆஜராகவும். தவறினால் நடவடிக்கை."

மறுநாள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்துவிட்டார்கள். எறும்பு முந்திக்கொண்டு ஆரம்பித்தது: "மேடம், அந்தச் சர்க்கரை விஷயத்தில் என்மேல் தப்பே இல்லை!" தேனீயும் தன் விளக்கத்தைத் தொடங்கியது.

"அடடா, கூட்டத்துக்கு வந்து பலாப்பழம் சாப்பிடத்தானே கூப்பிட்டேன்!" என்றது ஆமை.

"நல்லா கூப்பிட்டீங்க, போங்க ஆமையக்கா!" என்று சிரித்த எறும்பு, சட்டென்று நிறுத்தியது. "நானும் புற்றில் ஆட்களை இப்படித்தான் கூப்பிடுறேன்."

பிறகு அந்தப் புற்றுக்கே போய் விசாரித்தேன். இப்போதெல்லாம் எறும்பு, "கொஞ்சம் வந்துட்டுப் போங்கப்பா" என்றுதான் கூப்பிடுகிறது. சங்கமும் கலையவில்லை, பலாப்பழம்தான் போதவில்லை.