கவர்ந்து வந்த பசுவைக் கறந்தவள்

எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். பிறர் மந்தையைக் கவர்ந்து வந்த வீரர்களின் பழைய அயர்லாந்துக் கதைகளைச் சிறிதளவு படித்திருக்கிறேன். மறுநாள் காலையில் அந்த மாடுகளைக் கறந்தவர்களைப் பற்றி என் குறைந்த வாசிப்பில் ஒன்றும் அகப்படவில்லை. அந்த இடத்தில் மட்டும், தங்கள் அனுமதியுடன், சில வரிகள்.

*

பசு பாலை எக்கிக்கொண்டது.

அவள் மீண்டும் மடியை நீவினாள். காம்புகள் சுருங்கியே இருந்தன.

இரண்டு நாள் நடத்தி வரப்பட்ட மாடுகள். கன்றுகள் வழியில் பின்தங்கிவிட்டன.

கன்று முட்டாமல் எந்தப் பசுதான் சுரக்கும்?

முற்றம் முழுவதும் மாடுகளின் கதறல். மற்றப் பெண்கள் வெறும் மரவாளிகளுடன் எழுந்துவிட்டார்கள்.

வேலியருகே கொழுந்தன் ஃபெய்லான் நின்றிருந்தான். புதிய அரசன் பட்டமேறினால் முதல் வேலையாகப் பகைவரின் மந்தையைக் கவர்ந்து வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்தப் படையில் போய் நேற்றுத் திரும்பியிருந்தான். தன் பங்குக்கு வந்த பசுவை அவளுக்கே கொடுத்துவிட்டான்.

அவளுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள். பால் போதவில்லை.

நெற்றியைப் பசுவின் விலாவில் சாய்த்தாள். நினையாமலே ஒரு மெட்டு எழுந்தது. சொற்கள் இல்லாத மெட்டு. அவளுடைய அம்மா கறக்கும்போது முனகியது.

பசு கதறலை நிறுத்தியது.

மடி இறங்கியது. வாளியில் பால் பீச்சியடித்தது.

“பாருங்க, பாருங்க! அண்ணி கை பட்டதும் மகராசி மடியை விட்டுட்டா. ரெண்டு நாளா நடக்கச் சொல்லி நாங்க கெஞ்சினோம். உதைதான் கெடச்சுது!” என்றான் ஃபெய்லான்.

பெண்கள் சிரித்தார்கள்.

பசு தலையைத் திருப்பி அவளை மோந்தது.

அந்த மெட்டு ஒரே ஒரு தொழுவத்தைத் தாண்டி வெளியே போனதில்லை.

“எங்க புடிச்சீங்க, ஃபெய்லான்?”

“ஏரிக்கு அந்தப் பக்கம், மலைமேய்ச்சல்ல. வடக்கத்தியான் மாடுதான், வேற யாரு? ஒரே மூடுபனி அண்ணி, கிட்டப் போய்ப் பாக்கல.”

கோடையில் அந்த மலையில் பல குலத்து மாடுகளும் கலந்து மேயும்.

“காவலுக்கு ஆள் இல்லையா?”

“ஒருத்தன் இருந்தான். பொம்பளையாட்டம் குந்திக்கிட்டுப் பால் கறந்துட்டிருந்தான். மாப்பிள்ளை பாக்கட்டுமாடின்னு கேட்டேன். ஓடிப்போன்னு வழியும் விட்டேன் அண்ணி, சத்தியமா. கன்னுப்பட்டியைத் தொறக்கப் போனோம். குறுக்க வந்து நின்னுட்டான்.”

அவன் கையை விரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“எனக்கு வேற வழி இல்ல.”

அந்நாட்டில் ஆண்கள் பால் கறப்பதில்லை.

அவள் அறிய ஒருவன் கறந்தான், அதே மெட்டை முனகி. அம்மா இறந்து, அவளும் மணமாகிப் போனபின், அவள் பிறந்த வீட்டில் வேறு பெண் இல்லை. அவள் மணத்தன்று அவனுக்குப் பன்னிரண்டு வயது. இந்த வீட்டார் அதன்பின் அவனைப் பார்த்ததே இல்லை.

கைகள் கறந்துகொண்டே இருந்தன.

வாளி நிறைந்தது.

கணவன் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அவன் பின்னால் புலவர் வந்தார்.

விருந்தில் பாடுவதற்காக அவர் வீடு வீடாகக் கேட்டு வருவார். வீட்டார் வாயால் சொன்னதே பாட்டில் ஏறும். ஏறியதை அரசனும் அழிக்க இயலாது. பெண் எடுத்த குலத்தில் ஒருவனைக் கொன்றவன் என்று பாட்டில் ஏறியவன், அறியாமல் செய்திருந்தாலும், அந்த மண்ணில் தங்க இயலாது.

“இந்த வீட்டுக்கு வந்தது?”

“ஒரு பசுங்க ஐயா,” என்றான் ஃபெய்லான். “நல்ல கறவை. அண்ணியையே கேளுங்க.”

“இழந்தது?”

“ஒண்ணுமில்லீங்க,” என்றான் கணவன்.

புலவர் தலையசைத்துத் திரும்பினார்.

ஃபெய்லான் விரலில் நுரையைத் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைத்தான். குழந்தை அழுகையை நிறுத்திச் சப்பியது.

அவள் அதைப் பார்த்தாள். 

பிறகு எழுந்தாள்.

“ஐயா, இருங்க. இந்த வீட்டுல இழந்தது இருக்கு.”

புலவர் நின்றார்.

“தம்பி ஒருத்தன். பேரு கெல்லாக். வயசு இருபத்தொண்ணு.

கொழுந்தன் ஒருத்தன். பேரு ஃபெய்லான். வயசு இருபத்துமூணு.”