தற்காப்புக்குத்தாங்க மேடம்

அடித்தவர் நெட்டையர். வாங்கியவர் குட்டையர்.

ஆஸ்பத்திரி காவலாளி இருவரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து என் மேசை முன்னால் நிறுத்திவிட்டுப் போனார். பிரசவ வார்டு வராந்தாவில், பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்கக் கட்டிப் புரண்டார்களாம். குட்டையரின் இடது கன்னம் வீங்கியிருந்தது. நெட்டையரின் சட்டையில் மேல் பொத்தான் இரண்டைக் காணோம்.

இருவரும் சம்பந்திகள். குட்டையரின் மகள் பிரசவ அறைக்குள் வலியில் இருக்கிறாள். நெட்டையரின் மகன் வெளியே நகம் கடித்துக்கொண்டு நிற்கிறான். இன்னும் அரைமணி நேரத்தில் தாத்தா ஆகப்போகிறவர்கள் செய்கிற வேலையா இது?

போலீஸ் ஸ்டேஷனில் அப்போது புகார் எழுதுகிற ரைட்டர் நான் மட்டும்தான். புகாரை நான் எழுத மாட்டேன், இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் ஆள் வந்து எழுதுவார் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதற்காக விசாரிக்காமல் விட முடியுமா?

"தற்காப்புக்குத்தாங்க மேடம் அடிச்சேன்" என்றார் நெட்டையர், தரையைப் பார்த்துக்கொண்டு.

குட்டையர் கை ஓங்கினாரா? இல்லை. பிடித்துத் தள்ளினாரா? இல்லை. கையில் கட்டை, குடை, ஏதாவது? ஒன்றுமில்லை. வாயால் ஏதோ சொன்னார், அவ்வளவுதான்.

இந்த இடம் வந்தால் எனக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். பதினெட்டு வருஷமாகச் சண்டைக்காரர்களுக்கெல்லாம் ஒரே பாடம்தான் எடுக்கிறேன். எதிராளி எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் அது அடி ஆகாது. அவன் கை உங்கள் மேல் வந்தால் தடுக்கலாம், அதுவும் தடுக்கிற அளவுக்குத்தான். வெறும் வார்த்தை என்றால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள், கேன்டீனுக்குப் போய் ஒரு காபி குடியுங்கள். நீங்கள் முதலில் கை நீட்டினால் சட்டம் உங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. லாக்கப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஆள் எழுந்து உட்கார்ந்து தலையாட்டினான்.

நெட்டையருக்கு முகம் செத்துவிட்டது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பெயரில் ஒரு கேஸ் விழுந்தால் மறுநாளே வண்டிச் சாவியை வாங்கிவிடுவார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகளில் யாருக்கு ஜன்னலோரம் வேண்டும், யாருக்கு மேம்பாலம் ஏறினால் வாந்தி வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த வண்டி போய்விட்டால் மனிதர் பாதியாகிவிடுவார்.

குட்டையருக்கும் அது தெரியும். தெரிந்தும், புகார் கொடுத்தே தீருவேன் என்று கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

சரி, அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

குட்டையர் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

'தகாத வார்த்தை பேசினார்' என்று மொட்டையாக எழுதினால் கோர்ட்டில் வறுத்தெடுத்துவிடுவார்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். வழக்கமாக இதில் எனக்குக் கஷ்டமே இருக்காது. திட்டு வாங்கியவர்கள் கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டுவார்கள். சொல்லாததையும் நாலு சேர்த்துக்கொள்வார்கள். இங்கே என்னடாவென்றால் திட்டியவரும் வாயைத் திறக்கவில்லை, அடித்தவரும் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வார்த்தை இல்லாமல் புகார் கிடையாது என்று கறாராகச் சொல்லி, ஒரு வெள்ளைத்தாளை மேசையில் தள்ளினேன்.

குட்டையர் வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்தார். பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி இடது கையால் மறைத்து மறைத்து எழுதினார். நாலாக மடித்து வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். நெட்டையர் நான்கடி போனார்.

தாளை எடுக்கக் கை நீட்டினேன். அப்போது நெட்டையரின் போன் அடித்தது.

அவசரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, ஸ்பீக்கரில் அலறியது. முதலில் வந்தது மகனின் குரல் இல்லை. வீல் என்று ஒரு அழுகை. ஸ்டேஷனே அதிர்ந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம், பிறந்ததிலிருந்து வாயை மூடவில்லை, பக்கத்து வார்டு வரை எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று அதற்கு மேலே கத்தினான் மகன்.

குட்டையர் ஒரு பாய்ச்சலில் நெட்டையரைக் கட்டிக்கொண்டார். வீங்கிய கன்னம் நெட்டையரின் நெஞ்சில் இடித்து, ஐயோ அம்மா என்று கத்திக்கொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"கேஸாவது ஒண்ணாவது! எம்பேத்திய ஸ்கூலுக்கு யாரு வேன்ல கூட்டிட்டுப் போவா?" என்றார் குட்டையர்.

இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள். வாசலில் எதிரே வந்த அடுத்த ஷிப்ட் ஆளை இடித்துக்கொண்டு, மன்னிப்புக்கூடக் கேட்காமல் போனார்கள். எழுதுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று அவர் என்னிடம் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

கிளம்புவதற்கு முன்னால் அந்தத் தாளைப் பிரித்தேன்.

'குழந்தைக்கு யார் சாயல் வேணும்னாலும் வரட்டும். உன் பொண்டாட்டி வாய் மட்டும் வந்துடக் கூடாது. அப்புறம் ஊரே காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் திரியணும்.'

இரண்டு தடவை படித்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது, அடக்கவே முடியவில்லை.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக என் வாயைப் பற்றி இதைவிட மோசமாகச் சொல்லிவருகிறவர் நெட்டையர்தான். வீட்டில், தினமும். அதை வேறு யாரும் சொல்லக் கூடாது என்று மனிதர் நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.